திருவனந்தபுரம் மியூசியம், ஓவியக்கூடம், தோட்டம்: மிருகக்காட்சிசாலையை விட்டுவிட்டு ஒரு நாள் போகலாமா?

பழையாற்றங்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் நாகர்கோவில். திருவனந்தபுரம் மியூசியம் வளாகத்துக்குச் சின்ன வயதிலிருந்து ஐந்து தடவையாவது போயிருப்பேன். ஐந்து தடவையும் ஒரே கதைதான். புலி, நீர்யானை, பாம்பு, ஐஸ்கிரீம், அப்புறம் பஸ். நேப்பியர் மியூசியத்துக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்திருக்கிறோம், வீட்டு ஆல்பத்தில் இருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

கடைசியாகப் போனது ஒரு டூர் வேனில். "முக்கால் மணி நேரம்தான், அடுத்து கோவளம்" என்று சொல்லி இறக்கிவிட்டார்கள். அதில் பாதி நேரம் வரிசையில் போனது.

இந்தத் தடவை அம்மா கேட்கிறார். வயது 68, முழங்கால் வலி. "மிருகத்தை எல்லாம் பாத்தாச்சு மக்களே, ரவி வர்மா படத்தை ஒருக்கா நேர்ல பாக்கணும்" என்கிறார். மிருகக்காட்சிசாலையை முழுதாக விட்டுவிட்டு மியூசியம், ஓவியக்கூடம், தோட்டம் மட்டும் பார்ப்பதாக யோசனை. இதற்கு ஒரு நாள் தேவையா, அரை நாள் போதுமா? எதை முதலில் பார்ப்பது? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கரமனைக்காரி எழுதியது:

தம்பி, முதல் விஷயம் கிழமை. திங்கள்கிழமை விடுமுறை. புதன்கிழமை காலையில் கூடங்கள் திறக்காது, மதியம் 1 மணிக்கு மேல்தான். ஊரில் இருந்து வருகிறவர்கள் பாதிப்பேர் இந்த இரண்டில் ஒன்றில் மாட்டிக்கொள்வார்கள். நானே என் நாத்தனார் குடும்பத்தை ஒரு திங்கள்கிழமை அழைத்துப் போய் பூட்டிய கதவைக் காட்டிவிட்டு வந்தவள். உள்ளூர்க்காரி என்ற பெருமை அன்றோடு போயிற்று.

இரண்டாவது, சீக்கிரம் வாருங்கள். கூடங்கள் 10 மணிக்குத்தான் திறக்கும். தோட்டம் அப்படி இல்லை, விடியும்போதே நடைப்பயிற்சிக்காரர்கள் வந்துவிடுவார்கள். 8 மணிக்கு உள்ளே வந்தால் வெயில் ஏறும் முன்னால் அம்மாவோடு நிதானமாக ஒரு சுற்று போகலாம். பழைய பேண்ட் மேடை ஒன்று இருக்கிறது, அதன் பக்கம் உட்கார்ந்தால் ஊரே உங்களைச் சுற்றி நடந்து போகும்.

வளாகம் மேடும் சரிவுமாக இருக்கும். முழங்கால் வலிக்காரர்களை மத்தியானத்துக்கு மேல் மேடு ஏற வைக்காதீர்கள். என் வரிசை இதுதான்: தோட்டம், ரவி வர்மா கூடம், ஸ்ரீ சித்ரா ஓவியக்கூடம், கடைசியாக நேப்பியர். நேப்பியரை முதலில் பார்த்தால் வெண்கலச் சிலைகள் முன்னாலேயே கால் சோர்ந்துவிடும், அப்புறம் ஓவியம் எல்லாம் சுவரில் தொங்கும் சட்டமாகத்தான் தெரியும்.

அரை நாள் போதாது. மிருகக்காட்சிசாலை இல்லாமலும் போதாது.

---

செத்தகாலேஜ்_ரசிகன் எழுதியது:

என் பெயரைப் பார்த்தாலே சென்னைக்காரன் என்று தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்கு: எங்கள் ஊரில் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு 'செத்த காலேஜ்', மிருகக்காட்சிசாலைக்கு 'உயிர் காலேஜ்'. காணும் பொங்கலுக்கு வெளியூரிலிருந்து வண்டி கட்டி வந்தவர்கள் இரண்டு காலேஜையும் பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்புவார்கள் என்று என் தாத்தா சொல்வார்.

எழும்பூர் மியூசியம் 1851-இல் தொடங்கியது. அதன் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் ஒரு டாக்டர். கொஞ்ச நாளில் அதே வளாகத்தில் உயிருள்ள மிருகங்களையும் வைக்க ஆரம்பித்தார். அப்புறம் மிருகங்கள் அங்கிருந்து பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போயின, 1985-இல் வண்டலூருக்குப் போயின. சென்னையில் இரண்டு காலேஜும் பிரிந்துபோன கதை இது. திருவனந்தபுரத்தில் பிரியவே இல்லை. செத்ததும் உயிரோடு இருப்பதும் இன்றும் ஒரே வேலிக்குள்தான். அதனால்தான் உங்களுக்கு ஐந்து தடவையும் புலி ஜெயித்திருக்கிறது. பஞ்சலோகச் சிலை எவ்வளவு நல்ல சிலையாக இருந்தாலும் பக்கத்தில் ஒரு புலி உறுமினால் எந்தப் பிள்ளை சிலையைப் பார்க்கும்?

---

நடைமுறைவாதி எழுதியது:

ஒரு சந்தேகம், கோபித்துக்கொள்ள வேண்டாம். ரவி வர்மா படம் எல்லா வீட்டிலும் காலண்டரில் இருக்கிறதே. லட்சுமி, சரஸ்வதி, சகுந்தலை முள் எடுப்பது, எல்லாம் போனிலேயே பெரிதாக்கிப் பார்க்கலாம். அதற்காக 70 கிலோமீட்டர் போய், முழங்கால் வலிக்க நின்று பார்க்க அதில் அப்படி என்ன இருக்கிறது?

---

எண்ணெய்ச்சாயம் எழுதியது:

@நடைமுறைவாதி, கேள்வி நியாயமானதுதான். நான் ஓவியம் கற்றுக்கொடுத்துப் பிழைப்பவன், வருஷத்துக்கு ஒரு தடவையாவது இதே கேள்வியை யாராவது கேட்பார்கள். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நீங்கள் காலண்டரில் பார்ப்பது ரவி வர்மா வரைந்த படம் அல்ல, அவருடைய படத்தைப் பார்த்து அச்சுக்கூடத்தில் செய்த வேறொன்று. 1894-இல் மும்பையில் சொந்தமாகக் கல்லச்சு அச்சகம் தொடங்கினார். கல்லச்சு என்றால் நிஜமாகவே கல், வழவழவென்று தேய்த்த சுண்ணாம்புக்கல். ஒரு படத்துக்கு ஒரு கல் போதாது. மஞ்சளுக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று, தோல் நிறத்துக்கு ஒன்று என்று ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக்கல். ஒரே தாளை அத்தனை கல்லிலும் மாற்றி மாற்றி அழுத்த வேண்டும். தாள் ஒரு மயிரிழை நகர்ந்தால் சரஸ்வதிக்கு உதடு கன்னத்துக்குப் போய்விடும். கடைசியில் வார்னிஷ் பூசி, துணியின் நெசவு மாதிரி புடைப்பும் கொடுப்பார்கள், எண்ணெய் ஓவியம் போலத் தெரிய வேண்டும் என்பதற்காக. அச்சகம் அவருக்குக் கடனைத்தான் கொடுத்தது. கடைசியில் ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மன்காரருக்கு விற்றுவிட்டார். அதற்குள் நம் பூஜை அறைகளில் சாமி எப்படி இருக்கும் என்பது முடிவாகிவிட்டது.

அந்த அச்சில் தோல் முழுக்க ஒரே ரோஸ் நிறம். அசலில் அப்படி இல்லை. மெல்லிய எண்ணெய்ப் பூச்சு ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டிருப்பார், கீழ்ப்பூச்சு மேல்பூச்சு வழியாகத் தெரியும். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் பச்சை கலந்த ஒரு நிழல் வரும். அதைப் போன் திரையில் பெரிதாக்கினால் வெறும் புள்ளிதான் தெரியும்.

@பழையாற்றங்கரை, அம்மாவுக்கு ஒரு வேலை கொடுங்கள். படத்தில் இருக்கும் சேலையின் ஜரிகையைப் பார்க்கச் சொல்லுங்கள். முதலில் ஒரு முழம் தூரத்தில், அப்புறம் நாலு எட்டு பின்னால் போய். வேறெதுவும் சொல்ல வேண்டாம்.

அப்புறம் இதில் நம் ஆட்களும் இருக்கிறார்கள். திருவிதாங்கூர் அரண்மனையில் ராமசாமி நாயக்கர் என்ற ஓவியர் இருந்தார். கிளிமானூரிலிருந்து வந்த சிறுவன் ரவி வர்மாவுக்கு எண்ணெய்ச் சாயம் கலக்கும் முறையைச் சொல்லித்தர மறுத்துவிட்டாராம். அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளை இரவில் ரகசியமாக வந்து காட்டிக்கொடுத்தார் என்று ரவி வர்மாவின் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1868-இல் தியோடர் ஜென்சன் என்ற வெளிநாட்டு ஓவியர் வந்தபோதும் கற்பிக்கவில்லை, பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் விட்டார். பார்த்துப் பார்த்தே கற்றவர். தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக் கற்ற வித்தையை நாமும் நேரில் நின்று பார்ப்பதுதானே முறை?

---

தக்கலை_தபால் எழுதியது:

பழையாற்றங்கரை தம்பி, இதை 'அடுத்த மாநிலத்து மியூசியம்' என்று நினைத்துப் போகாதீர்கள். நம் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் 1949 வரை திருவிதாங்கூர், அப்புறம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி. என் அப்பா பிறந்தது மகாராஜா ஆட்சியில், வேலைக்குச் சேர்ந்தது திருவனந்தபுரத்துச் சர்க்காரில், ஓய்வு பெற்றது சென்னைச் சர்க்காரில். இத்தனைக்கும் வீடு மாறவே இல்லை.

1795 வரை தலைநகரே நம் பத்மநாபபுரம்தான். அந்த அரண்மனை இன்று நிற்பது தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. முடிந்தால் அம்மாவை முதலில் தக்கலைக்கு அழைத்து வந்து அரண்மனையைக் காட்டுங்கள். அந்த மரக்கூரையைப் பார்த்துவிட்டு நேப்பியர் கட்டடத்தின் முன்னால் போய் நின்றால், அந்த முக்கோண முகப்பு எங்கே இருந்து வந்தது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் திங்கள்கிழமை இங்கேயும் பூட்டுதான்.

நேப்பியரில் தந்த வேலைப்பாடுகள் இருக்கின்றன. மியூசியம் உருவானது உத்திரம் திருநாள் காலத்தில், 1850-களில். அதே மகாராஜாதான் விக்டோரியா மகாராணிக்குத் தந்தத்தில் ஒரு சிம்மாசனம் செய்து அனுப்பினார். 1851-இல் லண்டன் பொருட்காட்சியில் வைத்தார்கள். திருவனந்தபுரத்துத் தந்தச் சிற்பிகளுக்கு அன்று அவ்வளவு பெயர். 1986-இல் சட்டம் வந்து இந்திய யானைத் தந்த வியாபாரம் நின்றது. யானைக்கு நல்லது, மறுபேச்சு இல்லை. ஆனால் அந்தக் கை வேலையை இனி கண்ணாடிப் பெட்டிக்குள்தான் பார்க்க முடியும்.

---

நடைமுறைவாதி எழுதியது:

@எண்ணெய்ச்சாயம், ஆறுமுகம் பிள்ளை கதை நன்றாக இருக்கிறது. ஓவியம் எனக்கு இன்னும் ஏறவில்லை. ஆனால் கட்டடம் ஏறும், தொழில் அது.

தக்கலை ஐயா முகப்பைப் பற்றிச் சொன்னதால் எழுதுகிறேன். நேப்பியர் கட்டடத்தை வரைந்தவர் ராபர்ட் சிஷோம், சென்னை அரசின் கட்டடக் கலைஞர். சென்னையில் கடற்கரை ரோட்டில் போனால் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ் தெரியுமே, அதுவும் அவர் வேலைதான். திருவனந்தபுரத்தில் முதலில் இருந்த மியூசியக் கட்டடத்தை 1874-இல் இடித்துவிட்டு இதை எழுப்பினார்கள். 1880-இல் முடிந்தது. சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபுவின் பெயரை வைத்தார்கள்.

செனட் ஹவுஸில் போட்டதையே இங்கே அவர் திரும்பப் போடவில்லை. கூரையை உள்ளூர் ஆசாரிமார் கட்டுவது போல எடுத்துக்கொண்டு, கோபுரங்களை வேறு பாணியில் வைத்தார். மின்விசிறியே இல்லாத காலத்தில் கட்டியது அல்லவா? சூடான காற்று உயரமான கூரைக்குள் ஏறி மேலேயே வெளியே போகும், சுவர்களும் வெயிலைத் தாமதப்படுத்தும். உச்சி வெயிலில் உள்ளே போய் ஒரு நிமிஷம் சும்மா நில்லுங்கள், புரியும். உள்சுவரில் ரோஸ், மஞ்சள், நீலம் என்று பட்டை பட்டையாக அடித்திருக்கும் வண்ணத்தைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்குப் பிடிக்கும். சிலையைப் பார்க்கப் போகிறவர்கள் ஒரு தடவை தலையைத் தூக்கி மேலேயும் பாருங்கள்.

---

கரமனைக்காரி எழுதியது:

நடைமுறைவாதி ஐயா, காலண்டர் போதும் என்று சொன்னவரா இது? 🙂

---

எண்ணெய்ச்சாயம் எழுதியது:

சொல்ல மறந்துவிட்டேன். ரவி வர்மா படங்கள் முன்பு ஸ்ரீ சித்ரா கூடத்தில் இருந்தன. 2023-இல் அதே வளாகத்தில் அவருக்கென்றே ஒரு கூடம் திறந்துவிட்டார்கள். பழைய ஞாபகத்தில் போய் ஸ்ரீ சித்ராவில் தேடாதீர்கள்.

அதற்காக ஸ்ரீ சித்ராவை விட்டுவிடவும் வேண்டாம். 1935-இல் சித்திரைத் திருநாள் மகாராஜா காலத்தில் தொடங்கியது. தஞ்சாவூர் ஓவியங்கள், ராஜபுத்திர, மொகலாய ஓவியங்கள், சீன, ஜப்பானியப் படங்கள், பழைய சுவரோவியங்களின் பிரதிகள் என்று பல திசையிலிருந்தும் வந்தவை இருக்கும். எனக்கு அங்கே பிடித்தது ரோரிக் வரைந்த இமயமலை. ரஷ்யாவிலிருந்து வந்தவர், அந்த நீலத்தை எங்கே பிடித்தார் என்று தெரியவில்லை. வெளியே வேர்த்துக் கொட்டும் ஊரில் அந்தப் பனிமலைகளுக்கு முன்னால் நிற்பதே ஒரு வேடிக்கை.

இன்னொன்று, அதே வளாகத்தில் கே.சி.எஸ். பணிக்கர் ஓவியங்களுக்கும் ஒரு கூடம் உண்டு. பிறந்தது கோயம்புத்தூர், சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர், 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியவர். சொற்களும் குறியீடுகளும் என்ற வரிசையில் ஜாதகக் கட்டம் மாதிரி, பழைய ஏட்டுச்சுவடி மாதிரி வரைந்திருப்பார். எழுத்து போல இருக்கும், படிக்க முடியாது. ரவி வர்மாவை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். அம்மாவுக்குப் பிடிக்காமல் போகலாம். உங்களுக்குப் பிடிக்கும்.

---

பழையாற்றங்கரை எழுதியது:

போய் வந்துவிட்டோம். வியாழக்கிழமை. மன்னிக்கவும், இதுவும் நீளம்தான்.

8 மணிக்குள் வந்து சேர்ந்தோம். கரமனைக்காரி அக்கா சொன்னது போல ஊரே நடந்துகொண்டிருந்தது. ஒருவர் முழுச் செய்தித்தாளையும் படித்துக்கொண்டே நடந்தார், எதிலும் மோதவில்லை. ஒரு மரத்தடியில் அம்மா குனிந்து எதையோ பொறுக்க ஆரம்பித்தார். மகிழம்பூ. முழங்கால் வலி எங்கே போனது என்று தெரியவில்லை, ஒரு கைக்குட்டை நிறையப் பொறுக்கிவிட்டார். அங்கே நடக்க வந்த ஒரு அம்மா நின்று பார்த்து "இலஞ்ஞி" என்றார். எங்கள் அம்மா "மகிழம்" என்றார். இரண்டு பேரும் அதற்குமேல் என்ன பேசுவது என்று தெரியாமல் சிரித்துக்கொண்டார்கள். பாதிப் பூவை அந்த அம்மாவிடம் கொடுத்தாயிற்று.

10 மணிக்கு ரவி வர்மா கூடம். அம்மா முதல் இரண்டு படங்களைச் சும்மா பார்த்துக்கொண்டு போனார். அன்னமும் தமயந்தியும் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டார். "இது நம்ம அரங்குல தொங்குன படம்லா" என்றார். எனக்கு நினைவில்லை. ஆச்சி வீட்டு அரங்கில், அதாவது உள் அறையில், நெல் பத்தாயத்துக்கு மேலே, கண்ணாடி போட்ட சட்டத்தில் இருந்ததாம். அரங்கில் வெளிச்சமே கிடையாது, விளக்கு கொண்டு போனால்தான் முகம் தெரியும். வீடு பாகம் வைத்தபோது படம் யாருக்குப் போனது என்று அம்மாவுக்கும் தெரியவில்லை.

@எண்ணெய்ச்சாயம், ஜரிகை விஷயத்தைச் சொன்னேன். பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு "இதுல ஜரிகையே இல்லியே, மஞ்சச் சாயத்தை இழுத்து விட்டிருக்கான்" என்றார். நாலு எட்டு பின்னால் வந்தார். ஒன்றும் பேசவில்லை. திரும்பப் பக்கத்தில் போனார். இப்படி மூன்று தடவை. அங்கிருந்த காவலர் எங்களைக் கவனிக்க ஆரம்பித்துவிட்டார். அப்புறம் ஸ்ரீ சித்ராவில் தஞ்சாவூர் ஓவியத்தைப் பார்த்ததும் அம்மாவே சொன்னார், "இதுல நெசத் தங்கத்தை ஒட்டியிருக்கான், தங்கமாத் தெரியுது. அவன் தங்கமே இல்லாமத் தங்கம் காட்டிட்டான்." அம்மா படித்தது எட்டாம் வகுப்பு. எனக்கு அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

ரோரிக் மலைகளைப் பார்த்து "குளுரும்" என்றார், அவ்வளவுதான். பணிக்கர் கூடத்தில் என்னை மட்டும் விட்டுவிட்டு அம்மா வெளியே உட்கார்ந்துகொண்டார். எனக்குப் பிடித்தது. கொஞ்ச நேரம் அந்த எழுத்துகளைப் படித்துவிடலாம் என்று முயற்சி செய்தேன், அப்புறம் விட்டுவிட்டேன்.

நேப்பியர் மத்தியானம். @நடைமுறைவாதி, உள்ளே போய் ஒரு நிமிஷம் நின்றேன். உண்மைதான். வெண்கலம், மரச்சிற்பம், தேர், தந்தம் எல்லாம் பார்த்தோம், ஆனால் அவசரமாகத்தான். அக்கா சொன்னபடி கால் சோர்ந்துவிட்டது. சிலைகளுக்கு நியாயம் செய்யவில்லை, அது என் தப்பு. போட்டோ எதுவும் இல்லை, கூடங்களுக்குள் எங்களை எடுக்க விடவில்லை. வெளியே நின்று ஒன்று எடுத்தோம், ஆல்பத்துக்கு ஆறாவது.

திரும்பும்போது மிருகக்காட்சிசாலை வாசலைத் தாண்டினோம். அம்மா ஒரு நிமிஷம் நின்று, "புலியையும் ஒரு எட்டு பாத்துட்டுப் போவமா?" என்றார்.

---

செத்தகாலேஜ்_ரசிகன் எழுதியது:

நான்தான் சொன்னேனே, புலிதான் ஜெயிக்கும்.

---

எண்ணெய்ச்சாயம் எழுதியது:

"தங்கமே இல்லாமத் தங்கம்." நாளைக்கு வகுப்பில் இதைச் சொல்லப் போகிறேன். உங்கள் அம்மா சொன்னது என்றே சொல்வேன்.

---

தக்கலை_தபால் எழுதியது:

அந்த அரங்குப் படத்தைச் சொந்தக்காரர்களிடம் விசாரித்துப் பாருங்கள். கிடைத்தால் படத்தின் ஓரத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கிறதா என்று கவனியுங்கள். சட்டத்தை மாற்றும்போது கடைக்காரர்கள் ஓரத்தை வெட்டிவிடுவார்கள், விடாதீர்கள். பளபளப்புக்கு எண்ணெய் தடவுகிறேன் என்று யாராவது சொன்னாலும் விடாதீர்கள். என் வீட்டுச் சரஸ்வதி அப்படித்தான் கறுத்துப்போனாள்.

---

பழையாற்றங்கரை எழுதியது:

பெரிய மாமா வீட்டில் இருக்கலாம் என்று அம்மா சந்தேகப்படுகிறார். அவர்களோடு பேச்சுவார்த்தை நின்று பதினோரு வருஷம். படத்துக்காகப் போன் செய்யலாமா என்று வீட்டில் ஆலோசனை நடக்கிறது.

---

புதுவரவு_03 எழுதியது:

இழை முழுக்கப் படித்தேன், அருமை. நாங்களும் குடும்பத்தோடு போகிறோம். வருகிற புதன்கிழமை காலையில் 9 மணிக்குப் போனால் எல்லாக் கூடத்தையும் மத்தியானத்துக்குள் முடித்துவிடலாமா?

---

கரமனைக்காரி எழுதியது:

முழுக்கப் படித்தீர்களா?